இடப்பக்கம் திரும்பும்போது மட்டும்

மிளகாய் அரைத்துப் பூசினால் ஆத்தா கேட்பாள் என்று எனக்கு முதல்முதலில் சொன்னது எங்கள் எதிர்வீட்டுச் சுப்பாத்தாள்தானுங்க, அம்மணி. போன ஐப்பசியில், தீபாவளி முறுக்கு டப்பா காலியாவதற்கு முன்னால். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். இட்லித் துணி கேட்டு வந்தவள் கதவோரம் நின்று பார்த்தாள்.

"இங்க உக்காந்து அழுதா ஆருக்குக் கேக்கும் துளசி? ஆனைமலைக்குப் போ. மாசாணியாத்தா கோயில்ல ஒரு கை வரமிளகாயை அரைச்சு நீதிக்கல்லுல பூசிட்டு வா. எரிய வேண்டியவங்களுக்கு எரியும்" என்றாள்.

அவளுடைய தாலிக்கொடி களவு போனபோது அப்படித்தான் செய்தாளாம். எடுத்தவளே கொண்டுவந்து கோழிக்கூட்டுக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டாளாம்.

நீங்களும் கோயிலுக்குத்தானுங்களா? நல்லதுங்க. குழந்தை தூங்கட்டும், நான் மெதுவாகவே பேசுகிறேன். பஸ்ஸில் யாரிடமும் பேச்சுக் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. சாபம் விடுகிற வாயும் இல்லை. காலையில் சாமி பாட்டு, சாயங்காலம் விளக்கு, செவ்வாய்க்கிழமையானால் மருதமலை. எறும்புக்கு மருந்து போடுவதுகூடப் பாவம் என்று சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைக்கிறவள் நான். அப்படிப்பட்டவளே கேட்கிறேன். அந்த நரேன் நன்றாக இருக்கலாமா?

சொல்கிறேன் கேளுங்க.

எனக்கு ஒரு பொண்ணு, ஒரு பையன். பொண்ணு கோகிலாவைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டேன். பையன் பூபதி என்னோடு இருக்கிறான். கோயமுத்தூரில், பெரிய கார்களை மட்டுமே பார்க்கிற ஒரு ஒர்க் ஷாப்பில் வேலை செய்தான். அங்கே எத்தனையோ பேர் வேலை. ஆனால் காரில் ஏதாவது புதுச் சத்தம் கேட்கிறது என்று ஒருத்தர் வந்தால், "பூபதியைக் கூப்பிடு" என்பார்கள். சத்தம் கண்டுபிடிப்பதில் அவனுக்கு அப்படி ஒரு காது. எங்கள் வீட்டு மிக்சி என்றைக்குப் போகும் என்று ஒரு வாரம் முன்னாலேயே சொல்வான். சொன்ன மாதிரியே போய்த் தொலையும்.

மேடு இறங்கும்போது 'டொக்'கென்றால் புஷ் தேய்ந்திருக்கிறது, வேகம் ஏற ஏற 'ஙொய்'யென்று கூடவே ஏறினால் பேரிங், நிறுத்தின பிறகு 'டிக் டிக்'கென்றால் ஒன்றுமில்லை, சைலன்சர் ஆறுகிறது. எனக்கே பாடமாகிவிட்டது பாருங்க, அவன் சோறு தின்கிறபோதெல்லாம் சொல்லிச் சொல்லி.

ஒரு வேடிக்கை உண்டு. கார் கொண்டுவருகிறவர்களிடம் முதலில் என்ன கேட்பான் தெரியுமா? "வாயால போட்டுக் காட்டுங்க சார்" என்பான். டாக்டரோ மில் முதலாளியோ, யாராக இருந்தாலும் நடுஷெட்டில் நின்று 'கர் கர்'ரென்றும் 'கீச் கீச்'சென்றும் கத்திக் காட்ட வேண்டும். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். அதிலேயே பாதி தெரிந்துவிடுமாம் அவனுக்கு. வீட்டுக்கு வந்து எனக்கு அதே மாதிரி செய்துகாட்டுவான். நான் சிரித்துச் சிரித்து, புரையேறி, தண்ணீர் குடிப்பேன். அந்த மாதிரி சிரித்தே வருசமாகப் போகிறது.

இந்த நரேன் ஒரு மில்லுக்காரர் வீட்டுப் பையன். அவனிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாக இருக்கும். தெருநாய் நின்றபடியே ஜன்னலுக்குள் பார்க்கலாம். அதை எங்கள் பூபதி ஒருத்தன்தான் தொடவேண்டும் என்பான். "பூபதி, நீ பாத்தாத்தான் எனக்குத் திருப்தி" என்பானாம். அந்த வாய்தான், அம்மணி. அதே வாய்தான்.

போன வருசம் ஐப்பசி பிறக்கும் முன்பே அவன் வந்து நின்றான். சத்தம் வருகிறதாம். பூபதி வழக்கம்போல, "வாயால போட்டுக் காட்டுங்க சார்" என்றிருக்கிறான். நரேன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "டிங்" என்றானாம்.

"எப்ப வருதுங்க?"

"இடப்பக்கம் திரும்பறப்போ மட்டும்."

"ஒரு தடவை டிங்கா, ரெண்டு தடவையா?"

"டிங்... அப்புறம் கொஞ்சம் கழிச்சு இன்னொரு டிங்."

"இன்னொருக்கா சத்தமாப் போடுங்க சார்."

"டிங்! டிங்!"

ஷெட்டில் எல்லோரும் சிரித்தார்களாம். நரேனும் சிரித்தான் என்றுதான் பூபதி சொன்னான். உள்ளுக்குள் வைத்துக்கொண்டிருந்தான் பாருங்க.

பிறகு ஆரம்பித்தது தேடல். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தான். சீட்டைக் கழற்றிப் பார்த்தான். அடியில் படுத்துக்கொண்டு நீளத் திருப்புளியின் ஒரு முனையை இரும்பில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டான். ஒவ்வொரு இடமாகத் துணி சுற்றி, டேப் ஒட்டி, ஓட்டிப் பார்ப்பான். சத்தம் நின்றால் அந்த இடம்தான் குற்றவாளி. நிற்காவிட்டால் அடுத்த இடம். எதைச் சுற்றினாலும் நிற்கவில்லை. சோற்றில் கையை வைத்துக்கொண்டு யோசிப்பான். "என்னை ஏமாத்துதும்மா அது" என்பான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னையே கூட்டிக்கொண்டு போனான். ஓட்டுகிறவனுக்கு ரோட்டில் கவனம் போகிறது, பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து காது கொடுக்க வேண்டும் என்றான். "நீ சித்தெ கேட்டுச் சொல்லும்மா." ஐயோ, அந்த வண்டியில் ஏறுவதற்கு நான் பட்ட பாடு! ரோட்டிலேயே உட்கார்ந்த மாதிரி இருந்தது. என் முழங்கால் என் தாடையை இடித்தது. பைபாஸில் இடப்பக்கம் ஒரு வளைவு. திரும்பினான்.

டிங்.

கேட்டேனுங்க. கோயில் மணியை நுனிவிரலால் தட்டின மாதிரி. அவ்வளவு இனிமை. நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

"எங்க இருந்தும்மா வருது?"

"சாமிகிட்ட இருந்து வர்ற மாதிரி இருக்குது கண்ணு."

தலையில் அடித்துக்கொண்டான். இறங்கத் தெரியாமல் நான் உள்ளேயே மாட்டிக்கொண்டேன். இரண்டு கையையும் பிடித்து, கிணற்றிலிருந்து வாளி இழுக்கிற மாதிரி இழுத்துவிட்டான்.

அந்தக் காருக்கு நான் என்ன கெடுதல் நினைத்தேன் சொல்லுங்க? நன்மைதானே நினைத்தேன். சத்தம் வருகிறதென்று அவன் வருவதற்குச் சில நாள் முன்னால், ஆயுதபூசைக்கு ஷெட்டுக்குப் போயிருந்தேன். பொரி, சுண்டல், பூசணிக்காய் என்று எல்லாம் அமர்க்களம். நின்ற கார் அத்தனைக்கும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்தார்கள். இந்தச் சிவப்புக் காருக்கு மட்டும் ஒன்றுமில்லை. பெயிண்ட் கெட்டுவிடும், ஒரு பொட்டும் வைக்கக்கூடாது என்று நரேன் சொல்லிவிட்டானாம். எனக்கு மனசு கேட்கவில்லை. அத்தனை வேகமாகப் போகிற வண்டி. அதை ஓட்டிப் பார்க்கிறது என் பையன். பொட்டில்லாத நெற்றியோடு அதை எப்படி அனுப்புவது?

என் முந்தானையில் எப்போதும் ஒரு செப்பு வேல் முடிந்திருப்பேன். விரல் நீளம். மருதமலையில் வாங்கினது. கோகிலா சின்னதில் பல் முளைக்கும்போது கடித்து அதன் நுனி வளைந்திருக்கும். எல்லோரும் ஆரத்தி பார்த்துக்கொண்டிருந்தபோது காரின் கதவு திறந்திருந்தது. முன் கண்ணாடிக்குக் கீழே, உள்பக்கம், நீளமாக ஒரு இடுக்கு இருக்கிறதில்லையா, கண்ணாடிக்குக் காற்று வருகிற இடுக்கு? அங்கே அந்தச் செப்பு வேலை நிறுத்திவைத்தேன். வைத்த கையை எடுப்பதற்குள் அது தானாக உள்ளே இறங்கிவிட்டது. டிங்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், காணோம். முருகன் ஏற்றுக்கொண்டான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பூபதியிடம்கூடச் சொல்லவில்லை. நல்லது செய்தால் தம்பட்டம் அடிக்கக்கூடாதுங்க.

அம்பராம்பாளையம் தாண்டிவிட்டோமா? இன்னும் இல்லையா. சரி.

கடைசியில் ஒருநாள் சத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டான். எப்படி, என்ன, எதுவும் என்னிடம் சொல்லவில்லை. ஷெட்டில் கூட வேலை செய்கிற மயில்சாமி, இவனுடைய டூல்ஸ் பெட்டியைக் கொண்டுவந்து வீட்டில் வைத்தபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். அன்றைக்குப் பூபதி தனியாக முன்பக்க டேஷ்போர்டைப் பிரித்திருக்கிறான். பிறகு எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிவிட்டு, சாவியைக் கொடுத்திருக்கிறான். நரேன் ஓட்டிப் பார்த்தான். இடம், இடம், மறுபடியும் இடம். ஒரு சத்தமும் இல்லை.

"என்ன இருந்துச்சு? காட்டு" என்றானாம் நரேன்.

"சரியாயிருச்சுங்க சார்."

"அதான் தெரியுதே. என்ன இருந்துச்சுன்னு கேக்கறேன்."

ஒர்க் ஷாப் முதலாளியும் வந்து, "சொல்லித் தொலை பூபதி" என்றிருக்கிறார். கடைசியில் என் பையன் தரையைப் பார்த்துக்கொண்டு, "உள்ள ஒரு சாமான் கெடந்துதுங்க. போன சர்வீஸ்ல நான் உட்டதுதானுங்க" என்று சொன்னானாம்.

அவ்வளவுதான். நரேன் ஆடித் தீர்த்துவிட்டான். "நீயே சாமானை உள்ள உட்டுட்டு, அதைத் தேடறதுக்கு என்னை எல்லார் முன்னாடியும் டிங் டிங்னு கத்த வச்சியா? உனக்கெல்லாம் காது ஒரு கேடா? இவன் இருக்கற ஷெட்டுக்கு எங்க ஆளுக ஒருத்தனும் வரமாட்டான்" என்று கத்தினானாம். பெரிய கார் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் அவர்களுக்குள் ஒரு கூட்டம். ஒரே நாளில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. முதலாளி என்ன செய்வார்? இவனை அனுப்பிவிட்டார்.

இப்போது சொல்லுங்க அம்மணி. என் பையன் சாமானை உள்ளே விட்டுவிட்டு வருகிறவனா? வேலை முடிந்தால் துண்டை விரித்து ஒவ்வொரு ஸ்பேனராகத் துடைத்து வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் கை கழுவுவான். மயில்சாமியே சொன்னான், "எனக்கு நம்பிக்கை இல்லீங்கம்மா, இவன் ஆரையோ காப்பாத்தறான்" என்று. காப்பாற்றுவதாவது! அந்த நரேன் மிரட்டியிருக்கிறான். செய்யாத தப்பைச் செய்தேன் என்று சொல்ல வைத்திருக்கிறான். பெற்றவளுக்குத் தெரியாதா?

அன்றைக்குச் சாயங்காலம் அவன் சட்டையைத் துவைக்கப் போட்டேன். பாக்கெட்டில் ஏதோ கனத்தது. எடுத்துப் பார்த்தால் என் வேல். நுனி வளைந்த அதே வேல். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எவ்வளவு ரோசம் பாருங்க என் பையனுக்கு! இப்படிப்பட்டவன் வண்டிக்கு எங்கள் சாமியின் காவல் எதற்கு என்று திரும்ப எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். ராத்திரி அவன் அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "நல்ல காரியம் செஞ்சே சாமி" என்றேன். போய்ப் படுத்துக்கொண்டான்.

கோகிலாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். "ஏம்மா... ஒருவேளை அந்த வேல்தான் உள்ள கெடந்து..." என்று இழுத்தாள்.

"வாயைக் கழுவுடி" என்றேன். முருகன் வேல் காக்குமா, பிள்ளையைக் கெடுக்குமா? கட்டிக்கொடுத்த இடத்தில் சாமி பயமே இல்லாமல் போய்விட்டது அவளுக்கு. போனை வைத்துவிட்டேன். இப்போதும் அவளோடு பேச்சு அத்தனை இல்லை.

சுப்பாத்தாள் சொன்ன வாக்குப்படி ஆனைமலைக்குப் போனேன். கல்லில் மிளகாயை வைத்து அரைத்தேன். அக்கம்பக்கத்தில் அரைக்கிறவர்கள் எல்லாம் தும்முகிறார்கள், இருமுகிறார்கள். எனக்கு ஒரு தும்மல் வரவில்லை. அவ்வளவு ஆங்காரம். அப்போதும் நான் அநியாயமாகக் கேட்கவில்லைங்க. கை போகவேண்டும், கால் போகவேண்டும் என்று கேட்கவில்லை. அவன் பேரைக்கூடச் சொல்லவில்லை, சாமி சந்நிதியில் அந்தப் பேர் எதற்கு என்று. ஆத்தாளுக்குத் தெரியாத ஆளா? நான் கேட்டது இவ்வளவுதான்: "தாயே, ஆர் செஞ்ச வேலையினால என் பையன் தலை குனிஞ்சு நின்னானோ, அவங்க காதுல அந்தச் சத்தம் ஓயாமக் கேக்கட்டும். உக்காந்தாலும் படுத்தாலும் கேக்கட்டும். ஒரு டாக்டராலயும் அதைத் தீர்க்க முடியாமப் போகட்டும்."

நியாயமாகத்தானே கேட்டிருக்கிறேன்?

வீட்டுக்கு வந்தபோது இரண்டு கையும் தீயாக எரிந்தது. பூபதிதான் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டான்.

"என்னன்னும்மா வேண்டிக்கிட்ட?"

சொன்னேன். தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"அப்படியேவா கேட்ட? அந்த வார்த்தையவா?"

"அப்படியேதான். ஒரு வார்த்தை கூட்டலை, குறைக்கலை."

"அம்மா, அவங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதும்மா" என்றான். இத்தனை செய்தவனுக்கு 'அவங்க'ளாம், மரியாதையாம்! நான் வளர்த்த வளர்ப்பு அப்படி, என்ன செய்ய?

ஆத்தா கேட்டாளா என்கிறீர்களா? அதுதான் என் வயிற்றெரிச்சல். அந்த நரேனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அதே சிவப்புக் காரில் மாலையோடு ஊர்வலம் போனானாம், மயில்சாமி சொன்னான். காரில் அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லையாம், வெண்ணெய் மாதிரி ஓடுகிறதாம். அவன் காதுக்கும் ஒரு குறையும் இல்லையாம். என் பையனோ, கிரைண்டர் கம்பெனியில் மோட்டார் மாட்டிக்கொண்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வீட்டு மிக்சி போனவாரம் கடகடவென்று அடித்தது. "இது என்னன்னு பாரு சாமி" என்றேன். "எனக்குத் தெரியாதும்மா" என்றுவிட்டான். அந்த ஒரு வார்த்தைக்காகவாவது அந்த நரேன் அனுபவிக்க வேண்டாமா?

போதாததற்கு எனக்கே உடம்பு சரியில்லை. மார்கழியிலிருந்து இடது காதில் ஒரு இரைச்சல். இரைச்சல் என்றும் சொல்லமுடியாது. டிங்கென்று ஒன்று, கொஞ்சம் நிறுத்தி இன்னொன்று. எங்கேயோ கேட்ட சத்தம் மாதிரியும் இருக்கும், நினைவுக்கு வராது. சுப்பாத்தாள் பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெயை விட்டாள். காது டாக்டர் மிஷினை மாட்டிப் பார்த்துவிட்டு, வயசானால் நரம்பு அப்படித்தான், பழகிக்கொள்ளுங்கள் என்றுவிட்டார்.

இதைப் பூபதியிடம் சொன்னபோதுதான் அவன் பயந்துபோனான். "எந்தக் காதும்மா?" என்றான். "இடது" என்றேன். மறுநாளே நல்லெண்ணெய், மஞ்சள், ஆத்தாளுக்கு ஒரு பச்சைப் புடவை எல்லாம் வாங்கிவந்து இந்தப் பையில் வைத்தான். "போதும்மா. நீயே போய் எண்ணெய்க் காப்புப் போட்டு ஆத்தாளைக் குளிர வச்சுட்டு வந்துரு. கேட்டதை வேண்டாம்னு சொல்லிரு. என் மேல ஆணை" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கூட வருகிறேன் என்றான். நான்தான் வேண்டாம் என்றேன்.

நியாயம் கிடைத்த பிறகுதான் எண்ணெய்க் காப்பு. அதுதானே முறை? தீர்ப்பு வருவதற்கு முன்னால் யாராவது கேஸை வாபஸ் வாங்குவார்களா? எனக்குத் தோன்றுகிறது, போன தடவை நான் அரைத்தது நைசாக இல்லை. கொஞ்சம் திப்பி திப்பியாக இருந்தது. அதனால்தான் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. பாருங்க, மேலே எண்ணெயும் புடவையும் இருக்கிறதா? அடியில் கை விட்டுப் பாருங்க. குண்டு மிளகாய். நல்ல காரம். வெயிலில் காயவைத்து எடுத்துவந்திருக்கிறேன். இந்தத் தடவை அதே வார்த்தையைச் சொல்லி, சந்தனம் மாதிரி மைய அரைத்துப் பூசப்போகிறேன். ஆர் செய்த வேலையோ, அவர்கள் தப்பக்கூடாது.

அதோ, கோபுரம் தெரிகிறது. இறங்க வேண்டியதுதான்.

அம்மணி, ஒன்று கேட்டால் சங்கடப்படமாட்டீர்களே? இந்த பஸ்ஸில் ஏதோ கழன்றிருக்கிறது போல. ஏறினதிலிருந்து டிங் டிங்கென்று ஒரு சத்தம். திரும்பினால்தான் வருகிறது என்றும் சொல்லமுடியாது, இப்போது நேராகத்தானே போகிறது? குழந்தையை இப்படி என் மடியில் கொடுங்க. உங்களுக்கும் அது கேட்குதான்னு சித்தெ கேட்டுச் சொல்லுங்க.